கிளாக்கோமா: கண்ணின் ஓரத்தில் தொடங்கும் நஷ்டம்

பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு வெள்ளைக்கோல் புதிய காட்சியல்ல. 1951-ஆம் வருஷத்தில் மலாயாவில் தோன்றிய பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. காலையில் கடைப் பலகையைத் திறக்கும்போதே கோல் தட்டும் ஓசை கேட்கும். அவர்கள் காலால் தடவி வழி அறிவதற்காக நடைபாதையில் மஞ்சள் நிற மேட்டுக் கற்கள் பதித்திருக்கிறார்கள். லாரியிலிருந்து இறக்கிய பெட்டிகளை நாம் அந்தக் கற்களின் மேலேயே அடுக்கிவிட்டுப் பிறகு ஆற அமர நகர்த்துகிறோம். அது நமக்கு அழகல்ல. அதைப் பிறகொரு சமயம் பேசிக்கொள்ளலாம்.

அவ்வழியே செல்வோரைப் பார்த்து, "பாவம், பிறவியிலேயே இப்படி" என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எல்லோர் விஷயத்திலும் அது சரியன்று. நாற்பது ஐம்பது வயது வரை கண்டு, எழுதி, கணக்குப் பார்த்து, பிறகு பார்வையை இழந்தவர்களும் உலகில் அநேகர். புரை விழுந்து மங்கிய கண்ணை அறுவைச் சிகிச்சையால் திருப்பித் தெளிய வைக்கலாம். அப்படித் திருப்ப முடியாத வகையில் பார்வையைப் பறிக்கும் வியாதிகளில் உலகம் முழுவதும் முதலிடத்தில் நிற்பது கிளாக்கோமா. நம்மவர் பேச்சில் அதற்குக் 'கண் பிரஷர்' என்று பெயர். பெயரைக் கேட்டவுடன் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். "ரத்தக் கொதிப்புக்குத்தான் மாத்திரை சாப்பிடுகிறேனே, கண்ணுக்கும் அதுவே போதும்" என்று இருந்துவிடுகிறார்கள். அந்த அழுத்தம் வேறு, இந்த அழுத்தம் வேறு. கை நாளத்தில் பட்டை கட்டி அளப்பதால் கண்ணின் அழுத்தம் தெரியவே தெரியாது.

கிள்ளானில் தெங்கு கிளானா சாலைப் பக்கம் ஜவுளி வியாபாரம் செய்யும் ஒரு நானாவின் கதையை அவர் சம்மதத்துடன் இங்கே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். ராமநாதபுரம் ஜில்லாக்காரர். 58 வயதிலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பார். துணி ஓரத்தில் அச்சிட்ட பொடி எழுத்தை மகனுக்கு முன்னால் படித்துவிடுவார். "என் கண்ணுக்கு என்ன குறை?" என்பது அவருடைய வழக்கமான பேச்சு.

குறை வேறிடத்தில் தெரிந்தது. கல்லாவில் அமர்ந்திருக்கும்போது இடப்பக்கம் வந்து நிற்கும் வாடிக்கையாளர் அவருக்குத் தெரிவதில்லை. "நானா, அஞ்சு நிமிஷமா இங்கேதான் நிக்கிறேன்" என்று ஓர் அம்மாள் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அஞ்சடியில் நடக்கும்போது இடது தோள் தூணில் இடிக்கும். அடுக்கி வைத்த கைலிக் கட்டு சரியும். வயதாகிறது, கவனம் குறைகிறது என்று வீட்டார் நினைத்தார்கள். கண்ணாடிக் கடைக்கு இரண்டு வருஷத்தில் மூன்று தடவை போனார். ஒவ்வொரு தடவையும் சுவரில் உள்ள எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தார், புதுக் கண்ணாடியும் வாங்கினார். கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. நானா கேட்டது கண்ணாடி, அவர் கொடுத்ததும் கண்ணாடி. ஒருநாள் கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் ஓட்டிப் போகையில் இடப்புறமிருந்து வந்த மோட்டார் சைக்கிளை அவர் காணவில்லை. பக்கத்தில் இருந்த மகன் "அத்தா!" என்று கத்தியதால் ஓர் உயிர் பிழைத்தது. மறுவாரமே கண் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். வியாதி அங்கேதான் தெரிந்தது. இடக் கண்ணின் பார்வை மூங்கில் குழாய் வழியே பார்ப்பதுபோல் சுருங்கிப் போயிருந்தது. வலக் கண்ணிலும் மேற்பாதியில் வில் வளைவாக ஒரு பகுதி அழிந்திருந்தது.

வாசகர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். இவ்வளவு பெரிய பகுதி போயிருக்க, கறுப்பாகவோ இருட்டாகவோ ஒன்றும் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியாது என்பதுதான் இந்த வியாதியின் முழு அபாயமும். நான் சொல்வதை நம்ப வேண்டாம், உங்கள் கடைப் பற்று நோட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கோடு போட்ட ஒரு தாளில் சிறு பெருக்கல் குறி ஒன்று போடுங்கள். அதே வரியில் அதற்கு வலப்பக்கம் மூன்று அங்குலம் தள்ளிப் பட்டாணி அளவில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். இடக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலக் கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் உற்றுப் பாருங்கள். புள்ளியின் பக்கம் கண்ணை ஓட்டக் கூடாது. தாளைக் கை நீட்டிய தூரத்திலிருந்து மெதுவாக அருகே கொண்டு வாருங்கள். ஏறக்குறைய பதினோரு, பன்னிரண்டு அங்குல தூரத்தில் புள்ளி மறைந்துவிடும். இன்னும் அருகே கொண்டு வந்தால் திரும்பத் தோன்றும்.

புள்ளி மறைந்த இடத்தில் என்ன தெரிந்தது? ஓட்டையா, இருட்டா? இரண்டும் இல்லை. வெள்ளைத் தாளும் அதன்மேல் ஓடும் கோடுமே தெரிந்திருக்கும். கண்ணிலிருந்து நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் சக்தி எவருக்கும் கிடையாது. அல்லாஹ் படைத்த ஆரோக்கியமான ஒவ்வொரு கண்ணிலும் இந்தக் குருட்டிடம் உண்டு. 1660-களில் பிரான்சு தேசத்து மாரியோத் என்பவர் இதைக் கண்டு சொன்னார். அந்த வெற்றிடத்தைச் சுற்றுப்புறத்தின் நிறத்தைக்கொண்டு மூளை தானாகவே நிரப்பிக்கொள்கிறது. கணக்கில் ஒரு தொகை குறையும்போது முதலாளி கண்ணில் படாமல் கணக்கப்பிள்ளை எதையோ எழுதி ஒப்பேற்றி வைப்பது போன்ற வேலை அது. இரண்டு கண்ணும் திறந்திருந்தாலோ, ஒரு கண் காணாததை மறு கண் கண்டு ஈடு செய்துவிடும். கிளாக்கோமாவில் நேருவதும் இதுவே. காணாத பகுதி வளர்ந்துகொண்டே போகும், மூளை ஒப்பேற்றிக்கொண்டே வரும். நடுப்பார்வை கடைசி வரை பிழைத்திருக்கும். வியாபாரி பில் படிப்பதும் காசு எண்ணுவதும் அந்த நடுப்பார்வையால்தான். அவன் தன் தொழிலை வைத்துத் தன் கண்ணை அளக்கிறான். வியாதி தொடாத இடத்தை மட்டும் அளந்து பார்த்துத் திருப்தியடைகிறான்.

இனி, சேதம் எங்கே, எப்படி நேருகிறது என்று பார்ப்போம்.

கண்ணின் முன்பாகத்தில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறுகிறது. இது கண்ணீர் அன்று. கண்ணீர் வெளியே வழிவது, இது உள்ளேயே சுரந்து உள்ளேயே வடிவது. நிமிஷத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோலிட்டர்தான் சுரக்கும். ஒரு துளி சேர்வதற்கே ஏறக்குறைய கால் மணி நேரம் பிடிக்கும். கண்மணியின் துவாரம் வழியாக முன்னே வந்து, கருவிழியின் விளிம்பை ஒட்டிய மூலையில் உள்ள சல்லடை போன்ற வடிகாலில் இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும். குழாயில் வரும் நீரும் வடிகாலில் போகும் நீரும் சமமாக இருக்கும் வரை தொட்டியில் மட்டம் மாறாது. வடிகால் அடைத்துக்கொண்டால்? கண் மூடிய உருண்டை, வழிந்தோட இடமில்லை. ஆகையால் அழுத்தம் ஏறுகிறது. சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும் அழுத்தம் 25, 30, 40 என்று உயரலாம்.

இந்த அழுத்தம் முன்பக்கம் தோன்றினாலும் அடி விழுவது பின்பக்கம். விழித்திரையிலிருந்து புறப்படும் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு லட்சம் நுண்ணிய இழைகள் ஒன்றாகக் கூடி, பார்வை நரம்பாக முறுக்கிக்கொண்டு மூளைக்குப் போகின்றன. அவை கண்ணைவிட்டு வெளியேறும் வாசலில் சல்லடைத் தட்டுப் போன்ற ஒரு தசைநார்த் தகடு உண்டு. உள்ளழுத்தம் அந்தத் தகட்டைப் பின்னுக்குத் தள்ளி வளைக்கும்போது, துவாரங்கள் வழியே செல்லும் இழைகள் நசுங்குகின்றன. அவற்றுக்கு வரும் ரத்தமும் குறைகிறது. இழை ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிறது. ஜவுளிக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். தறியில் பூட்டிய பாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நூல் அறுந்தால் துணியில் உடனே தெரியாது. நிறைய அறுந்த பிறகே கண்ணில் படும். நரம்பும் அப்படியே. இழைகளில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அழிந்த பிறகே பார்வைப் பரப்பில் குறைவு அளவுக்குச் சிக்குகிறது என்று கண்டிருக்கிறார்கள். அறுந்த பாவு நூலை நெசவாளி முடி போட்டுவிடுவான். பார்வை நரம்பின் இழையை முடி போட இன்று வரை எந்த டாக்டருக்கும் வழி தெரியவில்லை.

இழைகள் அழிய அழிய, நரம்பு வாசலின் நடுவே இருக்கும் சிறு குழி அகன்றுகொண்டு வரும். டாக்டர் கண்ணுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்ப்பது இந்தக் குழியைத்தான். 1851-இல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைச் செய்த பிறகுதான் உயிருள்ள மனிதனின் பார்வை நரம்பை இன்னொரு மனிதன் காண முடிந்தது. உங்கள் சீட்டில் 0.3 என்றோ 0.8 என்றோ எழுதியிருந்தால், வாசலின் அகலத்தில் குழி எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பது அதற்குப் பொருள். எண் பெரிதாக இருப்பதாலேயே வியாதி என்று சொல்லிவிட முடியாது. பிறவியிலேயே குழி பெரிதாக உள்ளவர்களும் உண்டு. போன வருஷம் 0.5, இந்த வருஷம் 0.7 என்றால் மட்டும் அலட்சியமாக இருக்கலாகாது.

பார்வைப் பரப்பு அழிவதற்கும் ஒரு வரைமுறை உண்டு. டென்மார்க் தேசத்தில் பியெரம் என்ற கண் டாக்டர் இருந்தார். விலையுயர்ந்த கருவி எதுவும் வாங்காமல், தம் அறைக் கதவின் பின்பக்கத்தையே திரையாக வைத்துக்கொண்டு, சிறு வெள்ளைப் பொருளை நோயாளியின் முன் நகர்த்தி, எங்கே தெரிகிறது எங்கே மறைகிறது என்று குறித்தார். 1889-இல் அவர் கண்டு வெளியிட்டது இது: மேலே நாம் சோதித்த குருட்டிடத்திலிருந்து ஒரு வில் போலக் கிளம்பி, நடுப்பார்வையின் மேலாகவோ கீழாகவோ வளைந்து, மூக்குப் பக்கம் போய் அழிவு முடிகிறது. நடுப்புள்ளியை அது சுற்றிக்கொண்டு போகிறதே அல்லாமல் எடுத்த எடுப்பில் தொடுவதில்லை. நானாவின் வலக் கண்ணில் இருந்த வில் இதுவே. மேல் வில்லும் கீழ் வில்லும் சேர்ந்துவிட்டால் நடுவே ஒரு குழாய்ப் பார்வையும் வெளி ஓரத்தில் ஒரு சிறு துண்டும்தான் மிஞ்சும்.

இந்த வியாதியின் சரித்திரத்தில் நம் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. சென்னையில் கண்ணுக்கென்றே ஒரு மருத்துவமனை 1819-இல் தொடங்கப்பட்டது. இன்று எழும்பூரில் இருக்கும் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி அதுதான். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராக இருந்தவர் கர்னல் எலியட் என்னும் ஆங்கிலேயர். அழுத்தம் ஏறிய கண்ணுக்கு ஒரு புது வடிகால் வெட்டிவிட்டால் என்ன என்று அவர் யோசித்தார். கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் விளிம்பில், நுண்ணிய வட்டக் கத்தியால் ஒரு சிறு துளையிட்டு, உள்நீர் மேல்தோலுக்கு அடியில் கசிந்து போகும்படி செய்தார். 1909-இல் சென்னையில் அவர் தொடங்கிய இந்தச் சிகிச்சை சில வருஷங்களுக்குள் உலகமெங்கும் பரவியது. 1913-இல் அவர் இதைப் பற்றி நூலே எழுதினார். அந்தத் துளைக்கு மூடி இல்லாததால் நீர் அதிகமாகக் கசிவதும், பின்னாளில் கிருமி புகுவதும் குறையாக இருந்தன. இங்கிலாந்தில் கெய்ர்ன்ஸ் என்பவர் 1968-இல் துளையின்மேல் வெள்ளை விழியாலேயே ஒரு சிறு கதவு அமைக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் மருந்துக்கு அடங்காத கண்ணுக்குச் செய்யும் முக்கியமான அறுவை அதன் வழி வந்ததே.

எலியட்டின் கத்தி சென்னையில் பிறந்து நூறு வருஷம் ஆகப்போகும் சமயத்திலும், அந்தச் சென்னைக்குத் தெற்கே நம் ஜனங்களின் நிலை என்னவாக இருந்தது? இதைத்தான் நம் வியாபாரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தமிழ்நாட்டின் தென் மாவட்டங்கள் மூன்றில் கிராமம் கிராமமாகப் போய் 40 வயதைக் கடந்த 5,150 பேரின் கண்களைப் பரிசோதித்தது. முடிவு 2003-இல் வெளிவந்தது. நூற்றுக்கு 2.6 பேருக்குக் கிளாக்கோமா. அது பெரிய எண்ணாகத் தோன்றாது. அடுத்ததைக் கேளுங்கள். அதில் மிகுதியாகக் காணப்படும் வகை, வடிகால் மூலை திறந்திருந்தும் மெதுவாக அடைத்துக்கொள்ளும் வகை. அவ்வகை வியாதி இருந்தவர்களில் நூற்றுக்கு 93 பேருக்குத் தமக்கு அந்த வியாதி இருப்பதே அன்று வரை தெரியாது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணோ இரு கண்களுமோ அதற்குள் குருடாகிவிட்டிருந்தன. நாமும் நம் தகப்பன்மாரும் கப்பலேறி வந்தது அந்தத் தென்பாகத்திலிருந்தும் அதன் அக்கம்பக்கத்திலிருந்தும்தானே. கிராமத்தில்தான் இப்படி என்றும் எண்ண வேண்டாம். சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை ஆராய்ச்சியில், மேற்படி வகை வியாதி கிராமத்தைவிட நகரத்தில் இரு மடங்காகக் காணப்பட்டது.

ரத்தத்தோடு வரும் வியாதி இது. நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1998-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நோயாளியின் உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் ஆயுளில் இவ்வியாதி வரும் வாய்ப்பு நூற்றுக்கு 22. மற்றவர்களுக்கு நூற்றுக்கு இரண்டு சொச்சம். நானாவுக்கு டாக்டர் சொன்ன முதல் வார்த்தையும் இதுதான்: "உங்கள் தம்பிமாரையும் பிள்ளைகளையும் உடனே பரிசோதிக்கச் சொல்லுங்கள்." ஊரில் இருக்கும் தம்பிக்கு அன்றிரவே டெலிபோன் போட்டார்கள். தம்பிக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகத் தெரிகிறது, எதற்கு வீண் செலவு என்றார். நானா கோபித்துக்கொண்டு மதுரைக்கு அனுப்பினார். இரு கண்ணிலும் வியாதி தொடங்கியிருந்தது, பார்வைப் பரப்பு இன்னும் முழுசாக இருந்தது. தம்பி அன்று முதல் இரவில் ஒரு சொட்டு மருந்து விடுகிறார். அண்ணனுக்குப் போனது தம்பிக்குப் போகவில்லை.

பரிசோதனை என்றால் எதைக் கேட்பது? கண்ணாடிக் கடையில் காற்றை ஊதி அழுத்தம் பார்ப்பார்கள். அது நல்லதே, ஆனால் அத்துடன் நிற்கலாகாது. அழுத்தம் 21-க்குள் இருந்தும் நரம்பு அழியும் ஆட்கள் கணிசமாக உண்டு. அழுத்தம், வடிகால் மூலை, நரம்பு வாசல், பார்வைப் பரப்பு ஆகிய நான்கையும் கண் டாக்டர் பார்க்க வேண்டும். நரம்பிழைகளின் தடிப்பை ஒளியால் அளக்கும் கருவியும் இப்போது வந்திருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் துன் ஹுசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை இருக்கிறது. கோலாலம்பூர், கிள்ளான் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் கண் பகுதி உண்டு. கிளினிக்கில் கடிதம் வாங்கிப் போனால் செலவும் குறைவு. இனிப்பு நீர் வியாதிக்காரர்களின் விழித்திரையை வருஷத்துக்கொரு முறை படம் எடுப்பது வழக்கம். அதைத் தட்டிக் கழிக்காதவர்களுக்கு இந்த லாபமும் உண்டு. அந்தப் படத்தில் நரம்பு வாசலும் விழும்.

பார்வைப் பரப்புப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கும் இங்கும் சிறு விளக்குகள் மின்னும். தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். கண்ணொன்றுக்கு ஐந்தாறு நிமிஷம் ஆகும். நானா வெளியே வந்து, "மெஷின் பழுதுபோல, பாதி நேரம் விளக்கே வரலே" என்று சொன்னார். நாங்கள் சிரித்தோம். பிறகு விசாரித்ததில், நல்ல கண் உள்ளவருக்கும் அப்படித்தான் தோன்றும் என்று தெரிந்தது. கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான ஒளி எது என்று அறிய, எட்டாத ஒளியையும் அந்தக் கருவி வேண்டுமென்றே காட்டுகிறது. ஆகையால் தவறு செய்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். விளக்கைத் தேடிக் கண்ணை ஓட்டுவதுதான் கெடுதல். முதல் தடவை பலருக்குச் சரியாக வராது, திரும்பவும் செய்யச் சொல்வார்கள். கடை அவசரத்தில் நடுவில் எழுந்து போகாமல், மத்தியானக் கூட்டம் இல்லாத ஒரு நாளாகப் பார்த்துப் போவது நல்லது.

மருந்து விஷயம். டிமோலால் என்னும் சொட்டு மருந்து 1970-களின் கடைசியிலும், லட்டனோபிராஸ்ட் 1996-லும் வந்தன. முன்னது நீர் சுரப்பதைக் குறைக்கும், பின்னது நீர் வடிவதைக் கூட்டும். லேசர் ஒளியால் வடிகாலைச் சீர் செய்வதும் உண்டு. எல்லாம் அழுத்தத்தைக் குறைத்து மிஞ்சிய நரம்பைக் காப்பதற்கே. போனதைத் திருப்ப அல்ல. இங்கேதான் நம்மவர் ஏமாறுகிறார்கள். மருந்து விட்டும் பார்வை தெளியவில்லையே, எரிச்சல்தான் மிச்சம் என்று இரண்டே மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். தெளிவதற்காகக் கொடுத்த மருந்தல்ல அது. கடைக்கு வாசலில் காவலாளி வைப்பது திருட்டுப் போன சரக்கை மீட்கவா?

இன்னொருவர் மருந்தை எடுத்து விட்டுக்கொள்வது பெரும் தவறு. டிமோலால் கண்ணில் விட்டாலும் ரத்தத்தில் கலந்து, ஆஸ்துமாக்காரருக்கு மூச்சை அடைக்கும், இதயத் துடிப்பை மந்தமாக்கும். அதனால் மூச்சு வியாதி உள்ளவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதைவிட மோசமானது, கண் சிவப்புக்கும் அரிப்புக்கும் ஊரிலிருந்து வாங்கி வந்த ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மாதக்கணக்கில் தாமாகவே விட்டுக்கொள்வது. சிவப்பு போய்விடும், சுகமாக இருக்கும். சிலருக்கு அதுவே வடிகாலை அடைத்து அழுத்தத்தை ஏற்றி நரம்பை அழித்துவிடும். நம் பெட்டிகளில் தைலத்துடன் இந்தக் குப்பிகளும் கடல் கடந்து வருவதை நான் கண்டிருக்கிறேன். சுர்மா இடுவோர் இடட்டும், ஆனால் அது பார்வை நரம்பு வரை எட்டும் என்று எண்ண வேண்டாம்.

ரமலான் மாதம் வந்தால் பலர் பகல் சொட்டை நிறுத்திவிடுகிறார்கள். ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் கண்ணில் இடும் மருந்தால் நோன்பு முறியாது என்பதே சட்டம். சந்தேகம் உள்ளவர் தம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளியலாம். மனம் அப்படியும் ஒப்பவில்லையானால், ஸஹருக்கும் இஃப்தாருக்கும் பின் விடும்படி நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். ஒரு மாதம் காவலில்லாமல் விடலாகாது. சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிஷம் அமுக்கிக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்குவதும் குறையும். இரண்டு வகை மருந்து விடுபவர் நடுவே ஐந்து நிமிஷமாவது இடைவெளி கொடுக்க வேண்டும். இல்லையேல் பின்னது முன்னதைக் கழுவிவிடும். ஊருக்குப் பயணம் போகிறவர்கள் திரும்பும் நாள் வரைக்கும் போதுமான குப்பிகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னது சத்தமில்லாத வகை. சத்தமிட்டுக்கொண்டு வரும் வகை ஒன்றும் உண்டு. வடிகால் மூலை திடீரென்று முற்றிலும் மூடிக்கொண்டு, சில மணி நேரத்துக்குள் கண் சிவந்து, கல்லைப்போல் இறுகி, தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வரும். விளக்கைச் சுற்றி வானவில் போல் வட்டம் தெரியும். இது சீனர்களிடையே அதிகம், நம்மவருக்கும் வரும். வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தால் விடிவதற்குள் கண் போய்விடலாம். இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

நானா இப்போது கார் ஓட்டுவதில்லை. கல்லாவைக் கடையின் இடச் சுவரோரம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அவருக்கு வலப்பக்கமாகவே வர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வைப் பரப்புத் தாள் எடுக்கிறார். முதல் தாளோடு ஒப்பிட்டால்தான் வியாதி நிற்கிறதா நடக்கிறதா என்று டாக்டருக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரிக்கு மாறினாலும் பழைய தாள்களைக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கடை லைசென்ஸும் வாடகைப் பத்திரமும் இருக்கும் அதே கோப்பில் ஏழு தாள்களையும் வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறார். கடைசி நான்கு தாள்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன.